இரட்டையர் ஆட்டத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோயம்புத்தூரில் ஒரு டென்னிஸ் கிளப்பில் 34 ஆண்டுகள் மார்க்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மார்க்கர் என்றால் என்ன வேலை என்று உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. விடியற்காலையில் கோர்ட்டைத் தயார் செய்ய வேண்டும். உறுப்பினர் ஒருவர் தனியாக வந்தால் எதிரில் நின்று அவரோடு ஆட வேண்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். சாயங்காலம் தண்ணீர் தெளித்து உருளை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த வேலை. உங்கள் நாளிதழை அன்றிலிருந்து இன்றுவரை காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன். இதற்கு முன் கடிதம் எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

2025 ஜூன் 9ஆம் தேதி, திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் பிரெஞ்ச் ஓபன் ஒற்றையர் இறுதி ஆட்டத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. 5 மணி 29 நிமிடம் நடந்த ஆட்டம். முதல் இரண்டு செட்டையும் விட்டுவிட்டு, நான்காவது செட்டில் இன்னும் ஒரே பாயின்டில் கோப்பை போய்விடும் என்ற நிலையை, சாம்பியன்ஷிப் பாயின்டை, மூன்று முறை தாண்டி வந்து அல்கராஸ் சின்னரை ஜெயித்தார். அதற்கு முழுப் பக்கமே கொடுத்திருந்தாலும் தகும். முந்தின நாள் பெண்கள் ஒற்றையரில் கோகோ காஃப் கோப்பை வாங்கிய படமும் நன்றாக இருந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை, ஜூன் 7ஆம் தேதி, பாரிஸில் அதே ரோலாண் காரோஸ் மைதானத்தில் ஆண்கள் இரட்டையர் இறுதி ஆட்டமும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் தேடினேன். திங்கட்கிழமையும் தேடினேன். ஒரு வரி கூட இல்லை.

எனக்கு முடிவு தெரியும். பேரனின் செல்போனில் பார்த்துவிட்டேன். தெரியாமல் இருந்தவர் இன்னொருவர். என்னோடு அதே கிளப்பில் மார்க்கராக இருந்தவர், என்னைவிட நாலு வயது மூத்தவர், இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. கண்ணும் பழைய மாதிரி இல்லை, இரவு டிவி பார்ப்பதை விட்டுவிட்டார். காலையில் வெளிச்சத்தில் உட்கார்ந்து உங்கள் பேப்பரைப் படிப்பதுதான் அவருக்கு டென்னிஸோடு மிச்சமிருக்கிற தொடர்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் செய்தார்.

"தம்பி, அந்த அர்ஜென்டினாக்காரன், இடக்கை ஆளு, என்ன ஆனான்? பேப்பர்ல ஒண்ணுமே காணோமே."

"ஜெயிச்சுட்டாருங்கண்ணா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார். 6-0, 6-7, 7-5 என்று சொன்னேன். நடு செட் 6-6 ஆனதும் ஆடுகிற டைபிரேக்கரில் 5-7 என்று போனதையும் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

அந்த இடக்கை ஆட்டக்காரர் ஒராசியோ செபாயோஸ். ஜோடி, ஸ்பெயினின் மார்செல் கிரனோயர்ஸ். எதிரில் பிரிட்டனின் ஜோ சாலிஸ்பரியும் நீல் ஸ்குப்ஸ்கியும். அன்று செபாயோஸுக்கு வயது 40, கிரனோயர்ஸுக்கு 39. இருவரும் சேர்ந்து 2019 அமெரிக்க ஓபன் இறுதியில் தோற்றவர்கள். 2021 விம்பிள்டன் இறுதியில் தோற்றார்கள். 2023இல் மறுபடி விம்பிள்டன் இறுதிக்கு வந்து தோற்றார்கள். அன்று எதிரில் ஆடி ஜெயித்த இருவரில் ஒருவர் இதே ஸ்குப்ஸ்கி. கிரனோயர்ஸ் அதற்கும் முன்னால், 2014இல், மார்க் லோபெஸோடு சேர்ந்து இதே பாரிஸில் இறுதிக்கு வந்து கோப்பையை விட்டவர். பதினொரு வருடம் கழித்து அதே ஊரில், அதே செந்நிறத் தரையில் வாங்கியிருக்கிறார். முதல் செட்டை 6-0 என்று எடுத்துவிட்டு, இரண்டாவதை டைபிரேக்கரில் கொடுத்துவிட்டு, மூன்றாவதில் 7-5 வரை போக வேண்டியிருந்தது என்றால், மூன்று இறுதி ஆட்டங்களை இழந்த அந்த இரண்டு பேரின் மனசு அந்த மூன்றாவது செட்டில் என்ன பாடு பட்டிருக்கும்! இதை எழுத உங்கள் நிருபருக்கு எட்டு வரி போதும். எட்டு வரிக்கா இடமில்லை?

செபாயோஸை நாங்கள் இருவரும் 2013இலிருந்து கவனித்து வருகிறோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் சிலி நாட்டின் வினா டெல் மார் போட்டியில், களிமண் தரையில், ஒற்றையர் இறுதியில் நடாலையே தோற்கடித்தவர் அவர். நடால் முழங்கால் காயத்துக்குப் பிறகு ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்த முதல் போட்டி அது. களிமண் தரை இறுதியில் நடாலை ஜெயித்தவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த மனிதர் 40 வயதில், டென்னிஸின் நாலு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் ஒன்றை வாங்கியது தமிழ் வாசகருக்குத் தெரிய வேண்டாமா?

களிமண் தரை என்று எழுதுகிறேன், உங்கள் செய்திகளிலும் அப்படித்தான் வருகிறது. ரோலாண் காரோஸில் மேலே இருப்பது உண்மையில் களிமண் இல்லை. செங்கல் பொடி. அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத்தான். அதன் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து ஆறேழு சென்டிமீட்டர் கெட்டித்திருப்பார்கள். அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, அதற்கும் கீழே சரளை, கல். நிற்கிற பலம் சுண்ணாம்புக்கல்லில் இருக்கிறது. சறுக்குகிற சுகம் மேலே இருக்கிற செங்கல் பொடியில் இருக்கிறது. எங்கள் கிளப்பில் அத்தனை அடுக்கு கிடையாது. செம்மண்ணும் களிமண்ணும் கலந்து தட்டி, சாணி கரைத்துத் தெளித்து, மேலே செங்கல் பொடி தூவுவோம். தடாகம் பக்கத்துச் சூளைகளிலிருந்து உடைந்த செங்கல்லை மூட்டையாக வாங்கி வந்து இடித்து, அரிசி சலிப்பது போலச் சலிப்போம். கொஞ்சம் பெரிய குருணை தங்கிவிட்டாலும் பந்து கோணிக்கொண்டு எழும்பும், உறுப்பினர் நம் முகத்தைப் பார்ப்பார். காலையில் நனைத்த சாக்கை இழுத்துக்கொண்டு கோர்ட்டை ஒரு சுற்று வந்து, சுண்ணாம்புக் கோடுகளைத் துடைப்பத்தால் துலக்கி வைப்போம். பாரிஸில் செட்டுக்கு நடுவே ஆட்கள் தரையைச் சமன் செய்கிற வலையை இழுத்துக்கொண்டு ஓடுவதை டிவியில் பார்க்கும்போதெல்லாம் என் தோள்பட்டை எனக்கு ஞாபகம் வரும்.

இந்தச் செங்கல் பொடித் தரைக்கு ஒரு கதை சொல்வார்கள். 1880 வாக்கில் இங்கிலாந்தின் ரென்ஷா சகோதரர்கள், வில்லியமும் எர்னஸ்டும், பிரான்சின் தென்கரையில் கான் நகரத்தில் ஆடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். அங்கே வெயிலில் புல் கருகிப் போனதால், பக்கத்து ஊரில் சுட்டு உடைந்துபோன மண்பாண்டங்களைப் பொடித்துக் கொண்டுவந்து மேலே பரப்பினார்களாம். இரட்டைப் பிள்ளைகளான அந்த இருவரும் இரட்டையர் ஆட்டத்தில் விம்பிள்டனைத் திரும்பத் திரும்ப வென்றவர்கள். இந்தத் தரையைப் பரப்பியதே ஒரு இரட்டையர் ஜோடி என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இரட்டையர் ஆட்டம் என்றால் ஒற்றையரில் தேறாதவர்கள் ஆடுவது என்று ஒரு எண்ணம் நம் ஊரில் இருக்கிறது. அது தப்பு. கோர்ட் இரண்டு பக்கமும் நாலரை அடி, நாலரை அடி அகலமாகிறது. 27 அடி 36 அடியாகிறது. ஆனால் நிற்பது நாலு பேர். ஒற்றையரில் காலியிடம் தேடி அடிப்பார்கள். இங்கே காலியிடம் இருக்காது, உண்டாக்க வேண்டும். ஒருவர் சர்வீஸ் போடும்போது அவர் ஜோடி வலைக்குப் பக்கத்தில் நிற்பார், முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரலால் ஏதோ காட்டுவார். அது வெறும் பழக்கம் இல்லை. "நீ எங்கே போடுகிறாய், நான் எந்தப் பக்கம் பாய்கிறேன்" என்பதை அங்கேயே முடிவு செய்கிறார்கள். நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உறுப்பினர்களுக்கு எதிராக ஜோடி சேர்ந்து ஆடுவோம். மூடிய முட்டி என்றால் அவர் அசையமாட்டார். விரித்த கை என்றால் குறுக்கே பாய்வார், நான் அவர் விட்ட இடத்துக்கு ஓட வேண்டும். ஒருநாள் அவர் விரித்த கையை நான் முட்டி என்று பார்த்துவிட்டேன். அவர் பாய்ந்தார், நான் நின்றேன், பந்து வெறுமனே கிடந்த பாதிக் கோர்ட்டில் போய் விழுந்தது. அன்றைக்கு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பாயின்டுக்கு முட்டியையும் விரலையும் இரண்டு தடவை காட்டினார், அவ்வளவுதான்.

நடுவில் வருகிற பந்து யாருடையது? இரட்டையர் ஆட்டத்தின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. இருவரும் விட்டாலும் போச்சு, இருவரும் போனாலும் மட்டை மோதும். பல வருடம் சேர்ந்து ஆடியவர்களுக்கு அதைப் பேச வேண்டியதே இல்லை.

களிமண் தரையில் இது இன்னும் கடினம். புல் தரையில் சர்வீஸ் வழுக்கிக்கொண்டு போகும், வலையில் நிற்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். இங்கே பந்து தரையில் பட்டதும் வேகம் குறைந்து தோளுக்கு மேலே எழும்புகிறது. திருப்பி அடிப்பவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. தலைக்கு மேலே லாப் தூக்கலாம், ஓரத்து நாலரை அடிப் பட்டையான டிராம் லைனில் இறக்கலாம், வலையில் ஓடி வருபவரின் காலடியிலேயே போடலாம். முதல்நாள் மழை பெய்திருந்தால் பந்து ஈரமண்ணை ஒட்டிக்கொண்டு கனத்துவிடும். வலைக்கு ஓடி வந்து சறுக்கி நிற்க வேண்டும். சறுக்கு ஒரு அடி கூடினால் வலையைத் தொட்டுவிடுவோம், பாயின்ட் போய்விடும். மெல்போர்னிலும் நியூயார்க்கிலும் கோடு பார்ப்பது இயந்திரம். பாரிஸில் இன்னும் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, பந்து விழுந்த தடத்தைக் குனிந்து பார்க்கிறார். நாலு வீரர்களும் சுற்றி நின்று அந்தத் தடத்தைப் பார்க்கிற காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும்.

விதியும் பாரிஸில் வேறு மாதிரி. ஏடிபி என்ற ஆண்கள் டென்னிஸ் சங்கத்தின் வழக்கமான போட்டிகளில் இரட்டையருக்கு டியூஸ், அதாவது 40-40, வந்தால் ஒரே பாயின்டில் கேம் முடிந்துவிடும். மூன்றாவது செட்டே கிடையாது, அதற்குப் பதில் பத்து பாயின்ட் டைபிரேக்கர். கிராண்ட்ஸ்லாமில் டியூஸ், அட்வான்டேஜ் எல்லாம் உண்டு, அடுத்தடுத்து இரண்டு பாயின்ட் எடுத்தால்தான் கேம். மூன்று முழு செட். மூன்றாவதில் 6-6 ஆனால்தான் பத்து பாயின்ட் டைபிரேக்கர். 64 ஜோடிகள், ஆறு சுற்று. இதை ஒரு தடவை பெட்டிச் செய்தியாகப் போட்டீர்கள் என்றால், 7-6(10-8) என்று நீங்கள் அச்சிடும்போது வாசகர் விழிக்க மாட்டார்.

இந்தப் போட்டிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் சொல்கிறேன். கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் இரட்டையர் பட்டத்தை இந்தியர் முதன்முதலில் வாங்கியது பாரிஸில்தான். 1999இல் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும். இறுதியில் கோரான் இவானிசெவிச் – ஜெஃப் டாராங்கோ ஜோடியை 6-2, 7-5 என்று ஜெயித்தார்கள். பூபதி சென்னையில் பிறந்தவர். பயஸ் சிறுவனாக 1985இல் சென்னைக்கு வந்து, அமிர்தராஜ் குடும்பம் நடத்திய அகாடமியில் ஆட்டம் பழகியவர். அன்று கிளப்பில் சீட்டாடும் அறையில் இருந்த டிவிக்கு முன்னால் உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் மார்க்கர்கள் இருவரும் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தோம். இவானிசெவிச்சின் சர்வீஸை பூபதி பின்கையால் திருப்பியதும், வலையில் பயஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் மட்டையை நீட்டியதும் இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்த வருடம் அந்த ஜோடி நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கும் போனது, பாரிஸும் விம்பிள்டனும் அவர்களுக்குக் கிடைத்தன. 2001இல் மறுபடி பாரிஸ். 2009இல் பயஸ் செக் நாட்டின் லூகாஷ் ட்லூஹியோடு சேர்ந்து மூன்றாவது தடவை வாங்கினார். அப்போதெல்லாம் உங்கள் பேப்பரில் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. இந்தியர் ஜெயித்தால் முதல் பக்கம், இந்தியர் இல்லாவிட்டால் எந்தப் பக்கத்திலும் இல்லை. இந்தப் பழக்கத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இந்தியர் ஆடியபோதும்கூட நல்ல ஆட்டம் ஒன்று விட்டுப்போனது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வராது.

2024 பிரெஞ்ச் ஓபனில் ஸ்ரீராம் பாலாஜி, மெக்சிகோவின் மிகேல் ரெயஸ்-வரேலாவோடு ஜோடி சேர்ந்தார். பாலாஜி எங்கள் கோயம்புத்தூரில் பிறந்தவர். நான் அவரை நேரில் சந்தித்ததில்லை, அவர் என் கிளப்பில் ஆடியதும் இல்லை. இருந்தாலும் ஊர்க்காரர். அந்த ஜோடி நேரடியாக இடம் பிடித்து உள்ளே போகவில்லை. யாராவது விலகினால்தான் இடம் என்று காத்திருப்புப் பட்டியலில் இருந்து, இடம் கிடைத்து, உள்ளே போனவர்கள். போனவர்கள் முதல் சுற்றைத் தாண்டி, இரண்டாவதையும் தாண்டி, மூன்றாவது சுற்றில் ரோஹன் போபண்ணா – மேத்யூ எப்டன் ஜோடிக்கு எதிரில் நின்றார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் வாங்கிய ஜோடி அது. போபண்ணா அந்த ஜனவரியில், 43 வயதில், உலகின் முதல் நிலைக்கு வந்திருந்தார்.

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. பேரனின் போனில் ஸ்கோர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. முதல் செட்டை பாலாஜி ஜோடி டைபிரேக்கரில் எடுத்தது, எதிராளிகளுக்கு இரண்டே பாயின்ட் கொடுத்து. இரண்டாவது செட் 6-3 என்று போபண்ணா பக்கம் போனது. மூன்றாவது 6-6. நான் திருப்பூருக்குப் போன் போட்டு, ஒவ்வொரு பாயின்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் பத்து பாயின்ட் டைபிரேக்கர் 10-8 என்று போபண்ணா பக்கம் முடிந்தது. இரண்டு பாயின்ட். காத்திருப்புப் பட்டியலிலிருந்து உள்ளே வந்தவர்கள் கிராண்ட்ஸ்லாம் சாம்பியன்களிடம் அவ்வளவு நெருங்கி வந்துதான் தோற்றார்கள்.

மறுநாள் உங்கள் பேப்பரில் "போபண்ணா ஜோடி காலிறுதிக்குத் தகுதி" என்று தலைப்பு. பாலாஜியின் பெயர் மூன்றாவது வரியில் ஒரே ஒரு தடவை. கோயம்புத்தூர் என்ற சொல்லே இல்லை. கோயம்புத்தூர் பதிப்பில்!

அடுத்த மாதம் நடக்கவிருந்த பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தனக்கு ஜோடியாக யார் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது போபண்ணா பாலாஜியைத்தான் சேர்த்துக்கொண்டார். ஒலிம்பிக் டென்னிஸும் அதே ரோலாண் காரோஸ் தரையில்தான். ஜூலை 28ஆம் தேதி முதல் சுற்றில் எதிரில் இருந்தவர்கள் கேல் மான்ஃபிஸும் எத்வார் ரோஜர்-வாசெலினும். மான்ஃபிஸ் அந்தப் போட்டிக்கு முதலில் பெயர் கொடுத்தவர் இல்லை. ஃபாபியன் ரெபூல் விலகியதால் அந்த இடத்தில் வந்தவர். பாரிஸில் பிறந்து வளர்ந்தவர், அங்கே கூட்டம் முழுக்க அவர் பக்கம்தான். ரோஜர்-வாசெலின் யார் தெரியுமா? 2014இல் கிரனோயர்ஸ் பாரிஸ் இறுதியில் தோற்றார் என்று மேலே எழுதினேனே, அன்று எதிரில் நின்று கோப்பையை வாங்கிய இருவரில் ஒருவர். சொந்தத் தரையை உள்ளங்கை போல அறிந்த ஆள். 5-7, 2-6 என்று நம்மவர்கள் தோற்றார்கள். இந்தியாவுக்காக அதுதான் என் கடைசி ஆட்டம் என்று போபண்ணா சொல்லிவிட்டார். நீங்கள் போட்ட தலைப்பு: "முதல் சுற்றிலேயே வெளியேற்றம்." அந்த "யே" என்ற எழுத்து எனக்கு வலித்தது. தோற்றார்கள், சரி. தோற்றதை எழுத வேண்டியது உங்கள் கடமை. யாரிடம் தோற்றார்கள், எந்தத் தரையில், எப்படி என்பதையும் எழுதினால், படிக்கிற பிள்ளைக்கு ஆட்டம் புரியும்.

அதே ஒலிம்பிக்கில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். ரோலாண் காரோஸில் 14 தடவை ஒற்றையர் பட்டம் வாங்கிய நடாலும், அந்த ஆண்டு ஜூனில் அதே இடத்தில் பட்டம் வாங்கிய அல்கராஸும் ஸ்பெயினுக்காக ஜோடி சேர்ந்தார்கள். உலகமே பார்த்தது, உங்கள் பேப்பரிலும் பெரிய படம் வந்தது. காலிறுதியில் அமெரிக்காவின் ஆஸ்டின் கிராஜிசெக் – ராஜீவ் ராம் ஜோடி அவர்களை 6-2, 6-4 என்று நேர் செட்டில் அனுப்பியது. இருவரும் இரட்டையர் ஆட்டத்தையே தொழிலாக வைத்திருப்பவர்கள். களிமண் தரையை நடாலைவிட அறிந்தவர் இந்த உலகத்தில் இல்லை. ஆனாலும் இரட்டையர் கோர்ட்டில் நடுப் பந்து யாருடையது என்பதைக் கிராஜிசெக்கும் ராமும் அவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். "நடால், அல்கராஸ் அதிர்ச்சித் தோல்வி" என்று எல்லாப் பேப்பரும் போட்டன. எங்கள் இருவருக்கும் அது அதிர்ச்சியாகவே இல்லை. அண்ணன் முந்தின நாளே சொன்னார், "ரெண்டு பேரும் தனித்தனியா ஆடுறாங்க தம்பி, சேர்ந்து ஆடலை." அந்த அமெரிக்க ஜோடி இறுதியில் எப்டன் – ஜான் பீர்ஸ் ஜோடியிடம் மூன்றாவது செட்டுக்குப் பதிலான டைபிரேக்கரில் 10-8 என்று தோற்று, தங்கத்தை விட்டது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025இல் பாரிஸில் ஒற்றையர் சாம்பியனுக்கு 25 லட்சத்து 50 ஆயிரம் யூரோ. இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 5 லட்சத்து 90 ஆயிரம், அதை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பார்க்க ஆள் கூடினால்தான் அந்தத் தொகை கூடும். ஆட்டத்தைப் பற்றிப் பேசினால்தான் பார்க்க ஆள் வருவார்கள். பேசுகிற வேலை உங்களுடையது. நம் பக்கத்துப் பிள்ளைகள் உலக டென்னிஸில் கால் ஊன்றுவது பெரும்பாலும் இரட்டையர் வழியாகத்தான். பாலாஜி, ஜீவன் நெடுஞ்செழியன், விஜய் சுந்தர் பிரசாந்த் என்று எத்தனை பேர். அவர்கள் வாரா வாரம் யாரோடு, எந்த ஊரில், எந்தத் தரையில் ஆடுகிறார்கள் என்பது தமிழ் வாசகனுக்குத் தெரிவதே இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கிராண்ட்ஸ்லாம் நடக்கிற இரண்டு வாரத்தில், இரட்டையர் காலிறுதியிலிருந்து முடிவுகளைப் போடுங்கள். ஜோடியில் இருவர் பெயரையும் போடுங்கள். "போபண்ணா ஜோடி" என்று எழுதி மற்றவரை விட்டுவிடாதீர்கள், அது ஒருவர் ஆடுகிற ஆட்டம் இல்லை. செட் கணக்கை முழுசாகப் போடுங்கள், "போராடித் தோல்வி" என்று மட்டும் எழுதினால் எவ்வளவு போராடினார்கள் என்று தெரியாது. இறுதி ஆட்டத்துக்கு ஒரு பத்தி, முடிந்தால் ஒரு படம். நாலு பேரும் வலைக்குப் பக்கத்தில் நிற்கிற படமாக இருந்தால் இன்னும் நல்லது. எழுத்தை மட்டும் தயவுசெய்து சின்னதாக்கிவிடாதீர்கள், வயசானவர்கள் படிக்க வேண்டும்.

விம்பிள்டன் 2025 ஜூன் 30ஆம் தேதி தொடங்குகிறது. கிரனோயர்ஸும் செபாயோஸும் இரண்டு தடவை இறுதியில் தோற்ற இடம். அங்கே தரை புல், ஆட்டமே வேறு. அவர்கள் எந்தச் சுற்றுவரை போகிறார்கள் என்பதைத் திருப்பூரில் அண்ணன் என்னிடம் போன் போட்டுக் கேட்காமல் உங்கள் பேப்பரிலேயே படித்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டென்னிஸ் மார்க்கர் ஒருவர்,
கோயம்புத்தூர்.